படுத்திருப்பவனின் முழங்கை

போன வாரம் திண்டிவனத்திலிருந்து ஒரு வீடியோ வந்தது. அனுப்பியவன் குமரன். நான் ஓய்வு பெறுவதற்குச் சில மாதங்களுக்கு முன்பு எங்கள் தீயணைப்பு நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தவன். விழுப்புரத்தில் நடந்த மாவட்டப் போட்டியில் கயிற்று மீட்பில் அவர்கள் அணிதான் முதலிடமாம். ‘ரெக்கார்டுண்ணா. இனிமே எவனும் தொட முடியாது’ என்று எழுதி, கீழே கோப்பைப் படங்களாக அடுக்கியிருந்தான்.

வீடியோ ஒரு நிமிடம்கூட இல்லை. விசில் ஊதுகிறார்கள். மயங்கிக் கிடப்பதுபோல் ஒருவன் தரையில் படுத்திருக்கிறான். குமரன் ஓடி வந்து அவனைக் கயிற்றால் கட்டுகிறான், மேலே இருப்பவர்கள் இழுக்கிறார்கள், கூட்டம் கத்துகிறது. என் மனைவி தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, “உங்க ஸ்டேஷன் பசங்களா? இன்னா வேகம்!” என்றாள்.

பார்க்கிறவர்கள் எல்லாரும் குமரனின் கையைத்தான் பார்ப்பார்கள். நான் படுத்திருந்தவனைப் பார்த்தேன். மயங்கிக் கிடப்பவனின் முழங்கால், கயிறு வந்து சேர்வதற்கு முன்பே தானாக மடிந்து எழுந்தது. முழங்கை விலாவோடு ஒட்டிக்கொண்டது. திரும்பவும் போட்டுப் பார்த்தேன். சந்தேகமே இல்லை. கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தேன். குமரனுக்கு வாழ்த்துக்கூட அனுப்பவில்லை.

ஏன் என்று அவனுக்குச் சொல்ல வேண்டும். வாட்ஸப்பில் நாலு வரியில் சொல்லி முடிகிற சங்கதி இல்லை, அதனால் எழுதுகிறேன்.

என் பெயர் அந்தோணி. வேலையில் இருந்தவரை அந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது, மற்றபடி எல்லாருக்கும் நான் பஞ்சு. முகையூர்ப் பக்கம் கூலி வேலை செய்த குடும்பம் எங்களுடையது. உடல் தகுதித் தேர்வன்று எடை தேறுவதற்காக வயிறு முட்ட வாழைப்பழமும் தண்ணீரும் ஏற்றிக்கொண்டு போய் நின்றவன் நான். பயிற்சியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஓடினோம், ஏணி தூக்கினோம், ஹோஸ் சுருட்டினோம், திட்டு வாங்கினோம். யாரையாவது தோளில் போட்டுக்கொண்டு ஓட வேண்டும் என்றால் எல்லாரும் என்னைத்தான் தேடி வருவார்கள். பஞ்சுபோல் கனமில்லாதவன் என்று அங்கே ஒட்டிய பெயர் ஓய்வுபெறும் வரை போகவில்லை.

திண்டிவனத்தில் வேலைக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, எங்களுக்குத் தீயைவிடக் கிணறுதான் அதிகம் என்று. மல்லாட்டைக் கொல்லைக்கு, அதாவது வேர்க்கடலை வயலுக்கு நடுவில், சுற்றுச்சுவர் இல்லாமல், விளிம்பில் புல் மூடிக் கிடக்கும் கிணறுகள். மாடு விழும், ஆடு விழும், மனிதர் விழுவார்கள். குடிசை எரிந்தால் நாங்கள் போவதற்குள் பெரும்பாலும் சாம்பல்தான் இருக்கும். கிணற்றில் விழுந்தவர்தான் எங்களுக்காகக் காத்திருப்பார். ஆகவே எங்கள் பிழைப்பே கயிறு என்று சொல்லலாம்.

கிணற்றுக்குள் இறங்குகிறவன் போடுகிற முடிச்சுக்கு எங்கள் பேச்சில் சேர் நாட் என்று பெயர். ஒரே கயிற்றில் இரண்டு வளையம். ஒன்று அக்குளுக்குக் கீழே மார்பைச் சுற்றி வரும், இன்னொன்று முழங்காலுக்குப் பின்னால் போகும். நாற்காலியில் உட்கார வைத்ததுபோல் ஆளை மேலே தூக்கலாம். இரண்டு வளையத்தையும் உடம்போடு இறுக்கி, அதன் பிறகுதான் கயிற்று முனையைச் சுற்றி ஒவ்வொரு வளையத்துக்கும் பூட்டுப் போட வேண்டும். இறுக்காமல் பூட்டினாலும் முடிச்சு பார்வைக்கு அப்படியேதான் இருக்கும்.

எங்கள் நிலைய அலுவலர் அப்போது ராஜமாணிக்கம் ஐயா. கனத்த உடம்பு, குடல்புண், எப்போதும் கடுகடுத்த முகம். காலையில் தூக்கில் கொண்டுவரும் கேப்பைக் கூழைக் குடித்துவிட்டு, ஈர ஹோஸ் எதுவும் காயாமல் கிடக்கிறதா என்று மோப்பம் பிடித்தபடி சுற்றுவார். அவர் வாயிலிருந்து நல்ல வார்த்தை வந்து நான் கேட்டதில்லை. அவருக்கு நாங்கள் வைத்த பெயர் ஈரச்சாக்கு. அதற்குக் காரணம் இருந்தது.

டிரில் நேரத்தில் மற்ற அலுவலர்கள் நிழலில் நின்று நேரம் பார்ப்பார்கள். இவர் சட்டையைக் கழற்றிவிட்டு, மண்ணில் தானே போய்ப் படுத்துக்கொள்வார், கட்டுங்கடா என்று. சும்மாவும் படுக்க மாட்டார். ஒருநாள் பிணம்போல் தொய்ந்து கிடப்பார். கையைத் தூக்கினால் கை விழும், தலையைத் தூக்கினால் தலை விழும். இன்னொரு நாள் தண்ணீரில் தத்தளிப்பவன்போலக் கட்டுகிறவனின் கழுத்தைப் பிடித்து இறுக்குவார். நகக்கீறல் இல்லாமல் டிரில் முடித்தவன் யாரும் இல்லை.

ஒருமுறை ஏழுமலை அவரைக் கட்டினான். எங்கள் செட்டிலேயே வேகமான கை அவனுடையதுதான், எனக்கு நெருங்கிய கூட்டாளியும் அவன்தான். நாங்கள் பயிற்சி டவரின் மேல் தட்டிலிருந்து இழுத்துக்கொண்டிருந்தோம். பாதி உயரத்தில் ஐயா இரண்டு கையையும் மேலே தூக்கினார். மார்பு வளையம் தலை வழியாகக் கழன்றது. கீழே பரப்பியிருந்த வைக்கோலில் தோள் அடிபட விழுந்தார். நாங்கள் பதறி இறங்கினால், மனிதர் உட்கார்ந்தபடியே கேட்டார்.

“நான் ஏன்டா வுழுந்தேன்?”

“நீங்க கைய தூக்கிட்டீங்க ஐயா” என்றான் ஏழுமலை.

“மேலேருந்து பெத்தவ கூப்ட்டா கைய தூக்காம இன்னா பண்ணுவான்? அவன் கைய தூக்குனது தப்பா, நீ இறுக்காம வுட்டது தப்பா?”

அன்றைக்கு ஐயா தன்னையே பலமுறை கட்ட வைத்தார். ஒவ்வொரு முறையும் வீங்கிய தோளோடு கையைத் தூக்கினார்.

இன்னொரு வழக்கமும் வைத்திருந்தார். எந்த அழைப்புக்குப் போய் வந்தாலும், ஹோஸைக் கழுவித் தொங்கவிட்டு, கயிற்றைக் காயப்போட்டு, நிலையத்து வேப்பமரத்தடியில் எல்லாரும் வட்டமாக உட்கார வேண்டும். “இன்னிக்கி இன்னா தெரியாம போச்சு?” என்று ஆரம்பிப்பார். ஒவ்வொருவரும் ஒன்று சொல்லியாக வேண்டும். பாம்பு எந்தப் பக்கம் திரும்பும் என்று தெரியவில்லை, அந்த ஊருக்குள் போக வேறு வழி இருப்பது தெரியவில்லை, கிழவர் காது கேளாதவர் என்று தெரியவில்லை, இப்படி. எங்கள் ஓட்டுநர் ஒருநாள் எல்லாம் தெரிந்துதான் இருந்தது என்று சொல்லிவிட்டார். “அப்போ நீ நாளைக்கே ரிட்டயர் ஆயிடுப்பா, இங்க உனக்கு வேல இல்ல” என்றார் ஐயா. யார் சொன்னதற்கும் தண்டனை கிடையாது. அடுத்த நாள் டிரில் அதைப் பற்றியதாக இருக்கும், அவ்வளவுதான்.

நான் இதை, எங்கள் கோயிலில் பாவத்தை ஒப்புக்கொள்ளும் பாவசங்கீர்த்தனம் என்று கேலி செய்வேன். கோயிலில் சாமியாராவது ஜெபம் சொல்லி அனுப்புவார், இவர் ஒரு டீகூட வாங்கித் தரமாட்டார் என்று சொல்லிச் சிரிப்போம்.

போட்டிக்கும் இதே குணத்தோடுதான் எங்களைக் கூட்டிப்போவார். மற்ற நிலையங்கள் படுக்க வைப்பதற்கென்றே இளைத்த ஆளைத் தேடிப்பிடித்து வைத்திருக்கும். எங்களிடம்தான் நான் இருந்தேனே! ஆனால் ஐயா என்னை இழுக்கும் பக்கம் தள்ளிவிட்டு, தொப்பை ஓட்டுநரைப் படுக்க வைத்தார். வருஷா வருஷம் கடைசி இடம். “திண்டிவனம் டீமு சாப்பாட்டுக்குத்தான் வந்துக்குது” என்று மைக்குக்குக் கேட்கிற மாதிரியே பேசுவார்கள். பிரியாணிப் பொட்டலத்தோடு திரும்பி வரும்போது அவமானத்தில் எனக்கு உடம்பு எரியும். இந்த மனுஷன் எப்போது மாற்றலாகிப் போவான் என்று மாதாவிடம் வேண்டிக்கொண்டவன் நான்.

வேண்டுதல் பலித்தது. ஐயா விழுப்புரத்துக்கு, மேசை வேலைக்கு மாற்றலாகிப் போனார். பாஸ்கரன் சார் வந்தார்.

பாஸ்கரன் சாரைக் கெட்டவர் என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போவேன். எங்களுக்குக் கொசுவலை முதல் குளியலறைக் கதவு வரை கேட்டு வாங்கித் தந்தவர் அவர்தான். அப்போது எங்கள் வண்டியைத் தள்ளித்தான் கிளப்ப வேண்டும். வந்த முதல் வாரமே சொன்னார்: “கப்பு எடுத்தாத்தான்யா மேல போயி வாய தொறக்க முடியும். இந்த ஓட்ட வண்டிய மாத்தணுமா, வேணாமா?” மாற்ற வேண்டும் என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னோம்.

படுக்கும் வேலை எனக்கு வந்தது. ஏழுமலை கட்டினான். பஞ்சுக்கு வந்த வாழ்வைப் பார் என்று ஊரே பேசியது. படுத்திருப்பது சும்மா இல்லை, அதிலும் ஒரு கலை இருக்கிறது. அவன் கை என் முழங்காலுக்கு வரும் நொடியில் காலை லேசாக மடக்குவேன். மார்பு வளையம் தலையைத் தாண்டியதும் முழங்கையை விலாவோடு அழுத்தி, கயிற்றின் தொய்வை அதற்குள் இடுக்கிக்கொள்வேன். இழுக்கும்போது குதிகாலால் தரையை ஓர் உந்து உந்துவேன். இதெல்லாம் யோசித்துச் செய்ததில்லை. நாள்தோறும் செய்து செய்து உடம்பு தானே செய்தது. பாஸ்கரன் சார் நேரத்தைப் பார்த்துத் துள்ளுவார்.

அடுத்தடுத்து மூன்று ஆண்டு கோப்பை எங்களுக்கு. ஏழுமலைக்குப் பதக்கம். அவன் மகள்கள் அதைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய்க் காட்டினார்கள். சொன்னபடியே புது வண்டியும் வந்தது. சாமந்தி மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி உள்ளே விட்டோம். வேப்பமரத்தடியில் உட்காருவது எப்போது நின்றது என்று எனக்கு நினைவில்லை. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. பயிற்சிக்கு நேரம் போதவில்லை, அதனால் நின்றது.

அந்தப் புது வண்டியில்தான் செல்வி என்ற பெண் விழுந்த கிணற்றுக்குப் போனோம். பழைய வண்டியாக இருந்திருந்தால் அவர் உயிரோடு இருக்கும்போது போய்ச் சேர்ந்திருக்க மாட்டோம். இதையும் நான் சொல்லத்தான் வேண்டும்.

மல்லாட்டை பிடுங்கும் பருவம். ஊர் பெயர் வேண்டாம். கொல்லை வேலைக்கு வந்த பெண், முப்பது வயதுக்குள் இருக்கும், குடத்தில் தண்ணீர் மொள்ளப் படியில் இறங்கியபோது வழுக்கி விழுந்திருக்கிறார். மோட்டார் குழாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கழுத்தளவு தண்ணீரில் தொங்கிக்கொண்டிருந்தார். படிகள் பாதிக்குமேல் இடிந்து கிடந்தன. ஊரார் கயிறு விட்டுப் பார்த்திருக்கிறார்கள், குழாயை விட்டுக் கையை எடுக்க அவருக்குப் பயம். அவர் கணவன் வேலு விளிம்பில் குப்புறப் படுத்துக்கொண்டு, “வுட்றாத செல்வி, வண்டி வந்துடுச்சி” என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

ஏழுமலை இறங்கினான். விளிம்புக் கல்லில் சாக்கு விரித்து, நாங்கள் கயிற்றைப் பிடித்து நின்றோம். தண்ணீருக்குள் இடிந்த படிக்கல்லில் நின்றபடி அவன் முடிச்சுப் போட்ட வேகத்தைப் பார்த்து மேலே நின்றவர்கள் வியந்தார்கள். நானும் பெருமைப்பட்டேன். இரண்டு வளையம், இரண்டு பூட்டு. கையைக் காட்டினான். இழுத்தோம்.

செல்வி தண்ணீரைவிட்டு மேலே வந்தார். சேலை கனத்துத் தொங்கியது. எங்கள் பக்கம் நிமிர்ந்து பார்த்தார், பயம் போய்விட்ட முகமாகத்தான் இருந்தது. விளிம்புக்குக் கொஞ்சம் கீழே வரும்போது வேலு கையை நீட்டினார்.

“கைய குடு செல்வி!”

செல்வி இரண்டு கையையும் மேலே தூக்கினார். மார்பு வளையம் தோளைத் தாண்டி, தலையைத் தாண்டிக் கழன்றது. உடம்பு பின்பக்கமாகச் சாய்ந்தது. முழங்கால் வளையம் அவரைத் தலைகீழாக ஒரு கணம் பிடித்திருந்து, பிறகு விட்டுவிட்டது. கீழே இடிந்த படியின் கல்லில் தலை பட்ட சத்தம் மேலே எல்லாருக்கும் கேட்டது. ஏழுமலை அவருக்குப் பக்கத்தில்தான் தண்ணீரில் நின்றான். அவன்தான் மறுபடி அவரைக் கட்டி அனுப்பினான். அந்த முறை கையைத் தூக்குவதற்கு அங்கே உயிர் இல்லை.

விசாரணை நடந்தது. கயிறு நல்ல கயிறு, முடிச்சு விதிப்படி போட்ட முடிச்சு, இரண்டு பூட்டும் இருந்தன. உறவினர் கூப்பிட்டதால் மீட்கப்பட்டவர் கையை உயர்த்தினார், அதனால் நழுவினார் என்று முடித்தார்கள். எழுதியதில் பொய் ஒன்றும் இல்லை. நாங்களும் அப்படித்தான் நம்பினோம்.

சேதி கேட்டு ராஜமாணிக்கம் ஐயா விழுப்புரத்திலிருந்து பஸ் ஏறி வந்தார். யாரையும் குறை சொல்லவில்லை. நேரே போய் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார். பழைய பழக்கத்தில் நாங்களும் போய் உட்கார்ந்தோம். “இன்னா தெரியாம போச்சு?” என்று கேட்டார். பாஸ்கரன் சார் அலுவலக வாசலில் நின்றுகொண்டிருந்தார். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. எனக்கும் சொல்ல எதுவும் தெரியவில்லை. ஐயா வெகுநேரம் காத்திருந்தார். நாங்கள் வாங்கிவைத்த டீ அப்படியே ஆறிப்போனது. பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, அடுத்த பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

அடுத்து வந்தவர் வேலு. முடி மழித்திருந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

“சார், நான் கைய குடுன்னு கூப்ட்டதாலதான் வுழுந்துட்டாளா? எங்க மாமியா அப்டித்தான் சொல்லிக்கினுகீறாங்க. ஊர்லயும் அதான் பேச்சு. கூப்ட்டே கொன்னுட்டியேன்றாங்க.”

பாஸ்கரன் சார் எழுந்து வந்து அவர் தோளில் கை வைத்தார். “மனச தேத்திக்கப்பா. விதி, இன்னா பண்றது” என்றார். அன்போடுதான் சொன்னார். ஆனால் இல்லை என்று சொல்லவில்லை. வேலு அதைப் புரிந்துகொண்டு தலையை ஆட்டினார். செருப்பைப் போட்டுக்கொள்ளக்கூட மறந்து வெளியே நடந்தார். ஏழுமலை அந்தச் செருப்பை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடியதை நான் பார்த்தேன்.

அதற்கப்புறம் ஏழுமலை சாப்பிடுவதும் பேசுவதும் குறைந்துபோனது. ஆனால் போட்டி நெருங்கியதால் பயிற்சி நடந்தது. ஒருநாள் காலையில் வழக்கம்போல நான் படுத்தேன், அவன் கட்டினான். அன்றைக்கு என் வலது முழங்கையில் கட்டி வந்து கொப்பளித்திருந்தது. கயிறு வந்ததும் முழங்கை விலாவை அழுத்தப் போனது, வலி தாங்காமல் கையை விலக்கினேன். மார்பில் கயிறே இல்லாததுபோல் இருந்தது. ஒரு தலையணையை உள்ளே செருகலாம், அவ்வளவு தொய்வு.

“ஏழுமல, நில்லு. மறுபடி கட்டு” என்றேன். மறுபடி கட்டினான். அதே தொய்வு. கையைத் தூக்கிக் காட்டினேன். வளையம் தலை வழியாக வந்து என் மடியில் விழுந்தது.

“இத்தினி நாளும் இந்தத் தொய்வ என் முழங்கைதான் புடிச்சிக்கினு இருந்துதுடா” என்றேன். “உன் கை இறுக்கவே இல்ல.”

அவன் என் மடியிலிருந்த வளையத்தை எடுத்துப் பார்த்துச் சொன்னான்.

“அப்போ நான் கட்டக் கத்துக்கல பஞ்சு. உன்ன கட்டத்தான் கத்துக்கினுகீறேன்.”

ராஜமாணிக்கம் ஐயா தோள் வீங்க வீங்கச் சொல்லித்தந்தது அவன் கையில்தான் இருந்தது. மூன்று கோப்பையில் நாங்கள் அதை அழித்துவிட்டோம்.

அன்றே வேலுவிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்று ஏழுமலை கிளம்பினான். பாஸ்கரன் சாரிடம் அனுமதி கேட்டபோது அவர் அறைக்கதவைச் சாத்தினார். “ரிப்போர்ட் போயிடுச்சுய்யா. இப்போ போயி முடிச்சு லூசுன்னு நீயே சொன்னா உன் வேல இருக்குமா? ரெண்டு பொண்ணு வச்சினுகீற. பேஜாரு பண்ணாத. போட்டி முடியட்டும், பாத்துக்கலாம்” என்றார். ஏழுமலை தயங்கிவிட்டான். வேலை போனால் அவன் வீட்டில் அடுப்பு எரியாது. அங்கே வேலு ஒரு பழியைச் சுமந்துகொண்டிருந்தார், இங்கே இவன் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த நாட்களில் அவன் முகத்தைப் பார்க்க எனக்கே பயமாக இருக்கும்.

போட்டிக்கு முந்தைய நாள் என்னைத் தனியே கூப்பிட்டான். “நாளைக்கி எனக்கு உதவி பண்ணாத. ஐயா கெடப்பாரே, அப்டி கெட. விசில் அடிக்கசொல்ல என் கை இன்னா பண்ணுதுன்னு எனக்குத் தெரியணும்” என்றான். இந்தத் தடவையும் ஜெயித்தால் கோப்பை எங்களுக்கே நிரந்தரம் என்று பேச்சு இருந்தது. நான் சரி என்றேன்.

விழுப்புரம் மைதானம் நிறைந்திருந்தது. விசில் ஊதியதும் நான் உடம்பை விட்டுவிட்டேன். கை விழுந்தது, தலை விழுந்தது. உதவாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது. முழங்கை தானாக எழப் பார்த்தது, அதை அடக்கிக்கொண்டு கிடந்தேன். ஏழுமலை என் காலைத் தூக்கினான், அது நழுவியது, மறுபடி தூக்கினான். அக்குளில் விரலை விட்டுத் தொய்வைத் தேடித் தேடி இழுத்தான். மூச்சு முட்டியது எனக்கு. பக்கத்து அணிகள் முடித்துக் கைதட்டல் வாங்கிக்கொண்டிருந்தன.

“இன்னாய்யா, பஞ்சு தண்ணியில ஊறிப்போச்சா?” என்று எவனோ கத்தினான். மைதானமே சிரித்தது.

மேலே இழுத்தார்கள். பாதி உயரத்தில் நான் இரண்டு கையையும் தூக்கினேன். கயிறு விலாவை அறுத்தது, அசையவில்லை. கீழே ஏழுமலை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றான். அவன் அழுதுகொண்டிருந்தான். தோற்றதற்காக அழுகிறான் என்று நினைத்து யாரோ தண்ணீர் பாட்டில் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

நாங்கள் கடைசி. திரும்பும் வழியில் விக்கிரவாண்டி தாண்டினோம். அங்கேதான் பாஸ்கரன் சார், “எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்” என்றார்.

“சொன்னா வுட்டிருப்பீங்களா சார்?” என்று ஏழுமலை கேட்டான். அவர் ஜன்னல் பக்கம் திரும்பி, “நாளைக்கி லீவு எடுத்துக்க. எங்க போறன்னு எனக்குச் சொல்ல வேணாம்” என்றார்.

மறுநாள் சாதாரண உடையில் அந்த ஊருக்குப் போனோம். வேலு வீட்டு வாசலில் மல்லாட்டை காயப்போட்டிருந்தது. எங்களை அடையாளம் தெரிந்து எழுந்து நின்றார். ஆள் பாதியாகியிருந்தார். அவர் மாமியார் உள்ளே இருந்து எட்டிப் பார்த்தார். ஏழுமலை உட்காரவில்லை.

“நீ கூப்ட்டதால வுழலப்பா. நான் கட்டுன கயிறு தொய்வா இருந்துது. எனக்கு அப்போ தெரியல. இப்போதான் தெரிஞ்சிது. அத சொல்லத்தான் வந்தேன்.”

வேலு அவனை அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் ஏழுமலைக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர் மாட்டுக் கொட்டகைக்குப் போய் ஒரு நீளமான கயிற்றை எடுத்துவந்து ஏழுமலையிடம் நீட்டினார்.

“கட்டிக் காட்டு சார்.”

ஏழுமலை வாசலிலேயே அவரை உட்கார வைத்து, வளையம் போட்டு, இறுக்கி, பூட்டினான். மெதுவாகத்தான் கட்டினான். வாசலுக்குப் பக்கத்திலிருந்த புளியமரக் கிளையில் கயிற்றைப் போட்டு இரண்டு பேரும் இழுத்தோம். வேலுவின் கால் தரையைவிட்டு எழுந்தது. அவர் இரண்டு கையையும் மேலே தூக்கினார். கயிறு நழுவவில்லை. உதறிப் பார்த்தார், பின்பக்கம் சாய்ந்து பார்த்தார். நழுவவில்லை.

“நிக்குது” என்றார். “கைய தூக்குனாலும் நிக்குது.”

இறக்கிவிடட்டுமா என்று கேட்டோம். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். இரண்டு கையையும் தூக்கியபடி, யாரோ மேலேயிருந்து கூப்பிடுவதுபோல் அண்ணாந்து பார்த்துக்கொண்டு, அப்படியே தொங்கிக்கொண்டிருந்தார். கண்ணில் நீர் வழிந்துகொண்டே இருந்தது. கை மரத்துப்போகும்வரை நாங்கள் கயிற்றைப் பிடித்திருந்தோம். அவர் மாமியார் வாசல்படிக்கு வந்து நின்று அதைப் பார்த்தார். பிறகு உள்ளே போய்விட்டார்.

வேலு யாரிடமும் புகார் சொல்லவில்லை. ஏழுமலைக்கு எதுவும் ஆகவில்லை. ஏதாவது ஆகியிருக்கலாம் என்று அவன் ஏங்கியதுபோல்தான் எனக்குத் தோன்றியது. அதன் பிறகு எத்தனையோ பேரை அவன் கிணற்றிலிருந்து கொண்டுவந்தான். யாரையும் தனியே மேலே அனுப்பியதில்லை, கட்டிப்பிடித்துக்கொண்டு கூடவே வருவான். ஓய்வுபெற்ற அன்று மாலை போட்ட பையன்கள், “எத்தினி பேர காப்பாத்தியிருப்பண்ணா?” என்று கேட்டார்கள். “ஒருத்தி வரல” என்று மட்டும் சொன்னான். இப்போது அவன் எந்த விழாவுக்கும் வருவதில்லை. போட்டியென்றால் பேச்சையே மாற்றிவிடுவான்.

நேற்று காலையில் குமரனைப் போனில் கூப்பிட்டேன். இதையெல்லாம் எழுத உட்காரும் முன், “படுத்திருந்தானே, அவன் இல்லாம வேற ஆள வச்சி ஒரு தடவ கட்டிப் பாருப்பா. நல்ல கனமான ஆளா. உதவி பண்ணாத ஆளா” என்றேன்.

அவன் மரியாதையான பையன். “கண்டிப்பாண்ணா, நீங்க சொல்லி செய்யாம இருப்பமா” என்றான். பின்னால் விசில் சத்தம் கேட்டது. பயிற்சி நடந்துகொண்டிருந்தது போலும். “அடுத்த மாசம் ஸ்டேட்டு போட்டி இருக்குதுண்ணா. அது முடியட்டும், மொத வேலையா பண்ணிடலாம்.”

சரிப்பா என்று போனை வைத்தேன். இந்த வருஷம் எங்கள் பக்கம் மழை நன்றாகப் பெய்திருக்கிறது. கிணறுகள் எல்லாம் நிறைந்திருக்கின்றன, மல்லாட்டை பிடுங்க ஆள் இறங்கியாகிவிட்டது.